காணாமல் போன பத்துக் கோத்திரமும் எங்கள் வீட்டுச் சம்பந்தமும்

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் எந்தத் தமிழரைக் கண்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஊர், தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கறந்துவிடுவார். மெல்பேர்னில், டண்டினொங் சந்தையில் மீன் வாங்க நிற்கிறவரிடம்கூட "தம்பி எவடம்?" என்று தொடங்கி, அவருடைய பெரியம்மா எங்கள் ஒன்றுவிட்ட மாமாவுக்குச் சம்பந்தி முறை என்று கண்டுபிடித்த பிறகுதான் மீனுக்கு விலை கேட்பார். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. அத்தானுக்கு அது முற்றிப்போயிருந்தது.

அப்படிப்பட்டவர், வெள்ளைக்காரர்கள்தான் இஸ்ரவேலின் காணாமல் போன பத்துக் கோத்திரத்தார் என்று நம்புகிற ஒரு சபையில் போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

அவர் அங்கே போனது வேதத்தை ஆராய்ந்து பார்த்து அல்ல. சூப்பினால்தான் போனார். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. டண்டினொங்கில் கார்ச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் அத்தானுக்கு வேலை. அக்காவுக்குப் பெரிய ஒப்பரேஷன். அவர்களுடைய ஒரே மகள், என் பெறாமகள், அப்போது பாலர் வகுப்பு. எங்கள் சனம் தொலைபேசியில் "என்ன உதவியெண்டாலும் யோசிக்காமல் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். கேட்காமலே செய்தவர்கள் அந்தச் சபைக்காரர்கள். அத்தானோடு ஒரே மெஷினில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் போய்ச் சொல்ல, அவர்களுடைய பெண்கள் முறை வைத்துச் சூப்பும் சுட்ட கோழியும் கொண்டுவந்தார்கள். ஆண்கள் வந்து புல்லு வெட்டினார்கள். ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். அந்த அன்பில் பொய் இருக்கவில்லை. இந்தக் கதை முழுவதிலும் எனக்குச் செமிக்காமல் கிடப்பது அதுதான்.

சபை என்றால் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் ஒரு மண்டபம். இரண்டு கிரிக்கெட் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதலான சனம். சுவரில் ஆதாமிலிருந்து இங்கிலாந்து அரச குடும்பம் வரைக்கும் கிளை கிளையாக வரைந்த ஒரு துணிப்படம் தொங்கும். அசீரியர்கள் சிறைபிடித்துக் கொண்டுபோன பத்துக் கோத்திரமும் அழியவில்லையாம். மலைகளைத் தாண்டி மேற்கே நடந்து, ஐரோப்பாவுக்குள் இறங்கி, பெயர் மாறி, பாஷை மாறி, கடைசியில் தாங்கள் ஆர் என்பதையே மறந்துபோனார்களாம். ஆங்கிலேயர், ஸ்கொட்லாந்துக்காரர், டென்மார்க்காரர், அவர்கள் வழியில் வந்த அவுஸ்திரேலியர் எல்லாரும் அந்தச் சந்ததிதானாம். தாண் கோத்திரம் போன வழியெல்லாம் தன் பெயரை ஆறுகளுக்கும் தேசங்களுக்கும் விட்டுவிட்டுப் போனதாம். டான்யூப் ஆற்றையும் டென்மார்க்கையும் அதற்குச் சாட்சி சொல்வார்கள்.

"அப்ப டண்டினொங்கும் அவையின்ரையோ அத்தான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

நான் பகிடி பண்ணுகிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லை பிள்ளை. அது இந்த மண்ணின்ரை பழைய ஆக்களின்ரை சொல்," என்றார்.

வரலாறு படித்தவர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. நானும் தேடி வாசித்துப் பார்த்தேன். பெயர்களின் ஓசை ஒத்துப்போவதைத் தவிரக் கையில் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் மட்டும் குறைந்தவர்களா? கிளேட்டனில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனால், உலகத்தில் பாதிச் சனம் தமிழரிலிருந்து பிரிந்துபோனது என்று கேக்குக்கும் கொத்துரொட்டிக்கும் இடையில் நிரூபித்துவிடுவார்கள். பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்த சனத்துக்கு, தாங்கள் அதைவிடப் பெரிய இடத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆசை இருக்கும்போல. அத்தானைப் பிடித்து வைத்தது அந்தத் துணிப்படம்தான் என்று நினைக்கிறேன். ஒரு இனத்தின் ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் ஒரே சுவரில் வேறு எங்கே பார்க்க முடியும்?

அந்தப் படத்தில் அத்தானுக்குக் கிளை கிடையாது. இஸ்ரவேலரோடு சேர்ந்து நடக்கிற அந்நியருக்கும் ஓர் இடம் உண்டு என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பார்த்த அளவில் அந்த இடம் கதிரை அடுக்குவதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாருக்கும் முன்னால் போய்க் கதிரைகளை வரிசைப்படுத்துவார், முடிந்த பிறகு அடுக்கி வைப்பார். முன்னால் நின்று வேதம் வாசிக்க அவரை ஒருபோதும் கூப்பிட்டதில்லை. கேட்டால், "எனக்கு இது காணும்," என்பார். அதைச் சந்தோஷமாகவே சொன்னார்.

பெறாமகள் அந்த மண்டபத்திலேயே வளர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், கிளேட்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அத்தான் வழக்கம்போல விசாரித்தார். பையனின் பாட்டனார் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல பிள்ளைதான். ஆனால் அவை ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெறாமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தகப்பன் மீது அவளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

அரசருக்கு லண்டனில் முடிசூட்டின நாள் ஒரு சனிக்கிழமை. இங்கே பொழுதுபட்டு அவர்களுடைய ஓய்வுநாள் முடிந்திருந்தபடியால், சபையின் மூப்பர் எல்லாரையும் தன் வீட்டுக்குத் தொலைக்காட்சி பார்க்கக் கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். புதினம் பார்க்கும் புத்திதான். மூப்பர் மெலிந்து உயர்ந்த மனிதர், ஒரு காலத்தில் பால் பண்ணை வைத்திருந்தவர், யாரையும் கையைப் பிடித்துத்தான் வரவேற்பார். அந்த முடிசூட்டும் கதிரைக்குக் கீழே இருக்கிற கல், யாக்கோபு தலைவைத்துப் படுத்த கல் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கல்லைக் காட்டியபோது அத்தானின் கண் கலங்கியது. ஏகாதிபத்தியக்காரரின் கல்லுக்கு இந்த மனிசன் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். அங்கே மூப்பரின் மகனும் என் பெறாமகளும் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கோப்பையை இரண்டு பேர் இவ்வளவு நேரம் துடைக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொன்னார்கள். நான் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். ஆனால் அத்தானின் முகம் மலர்ந்துபோயிற்று. வெள்ளைக்கார மாப்பிள்ளை என்பதால் அல்ல, மூப்பரின் மகன் என்பதால். அந்தக் குடும்பம் வந்த கிளையைத்தான் அவர் இத்தனை வருடமாகச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தாரே! பிறகு மூப்பரே தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீட்டுக்கு வர முடியுமா, பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

பெண்ணைப் பெற்ற எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சம்பந்தம் பேசக் கூப்பிடுகிறார்கள். அத்தான் கோட் சூட்டை எடுத்து அயர்ன் பண்ணினார். அக்கா பயத்தம் பணியாரமும் மொறுமொறுவென்று கொக்கிசும் சுட்டாள். தாயும் தகப்பனும் மட்டும் போய்ப் பேசுவது மரியாதை இல்லை, சகோதரம் ஒன்றும் கூட வர வேண்டும் என்று என்னையும் இழுத்தார்கள். மூன்று பேராகப் போகக்கூடாது என்று அக்கா முணுமுணுத்தாள். "அதெல்லாம் மூடநம்பிக்கை," என்றார், கல்லுக்கு அழுத மனிதர். வெள்ளித் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம், பலகாரம், நடுவில் பூ. போகிற வழியெல்லாம் அக்கா அந்தத் தட்டை மடியிலேயே வைத்திருந்தாள்.

மூப்பரின் மனைவி தட்டைக் கண்டு, "இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்களே," என்று வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அவள் முகத்தில் வெட்கமும் சங்கடமும் தெரிந்தது. தேத்தண்ணீர் வந்தது. எங்கள் கொக்கிசையே ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூப்பர் சுற்றி வளைக்கவில்லை. அத்தானின் பக்கத்தில் வந்து இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் அருமையானவர்கள், உங்கள் மகளை என் மகளைப் போலத்தான் பார்க்கிறேன் என்றார். ஆனால் கடவுள் ஒரு சந்ததியைப் பிரித்து வைத்திருக்கிறார், அதைக் கலக்காமல் காப்பது தன் கடமை, தன் மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதை மீற முடியாது என்றார். பிறகு ஆங்கிலத்தில் அவர் சொன்ன வசனம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. "வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் உங்களுக்கு விளங்கும். உங்கள் ஆட்களும் குடும்பம் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்."

உண்மைதான், அத்தான் சொல்லித்தான் இருப்பார். பெருமையாகச் சொல்லியிருப்பார்.

நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். எழும்புங்கோ, அத்தான். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ. அதட்டக்கூட வேண்டாம், எழும்பினால் போதும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "எனக்கு விளங்குது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகளிடம் தானே சொல்லி விளங்கப்படுத்துவதாகவும் ஒத்துக்கொண்டார். மூப்பரின் மனைவி கோப்பையை நீட்ட, ஒரு கொக்கிசை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

வெளிக்கிடும்போது அந்த அம்மா எங்கள் தட்டைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து தந்தாள். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரிகூட ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவாள். அவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா காருக்குள் ஏறி அந்த வெறும் தட்டைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். வீடு வரும் வரைக்கும் நிறுத்தவில்லை.

பெறாமகள் வாசலிலேயே நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அவர் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்கு பிள்ளை," என்று தொடங்கினார் அத்தான்.

"அவர் சொன்னதை நான் கேக்கேல்லை அப்பா," என்றாள் அவள். வழக்கமாக ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அத்தான் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "சின்னம்மா, அப்பா என்ன சொன்னவர்?"

"எதிர்த்து ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். பொய் சொல்லி அவளைத் தேற்ற என்னால் முடியவில்லை.

அவள் கத்தவில்லை. மலேசியப் பையனின் பெயரை மட்டும் சொன்னாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் பல வருடமாக ஒருவரும் உச்சரித்ததில்லை. "அவன்ரை அப்பாவுக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்," என்றாள். அத்தான் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரம் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். விளங்கினாலும் வாய் திறக்காத மனிதர்களை என்ன செய்வது?

அவள் சிட்னிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். சில மாதங்களில் மூப்பரின் மகனும் சபையை விட்டுவிட்டு அவள் பின்னால் போனான். அங்கே கிரவீனில் வீடு எடுத்தார்கள். ஒரு பூங்காவில் சின்னதாகக் கலியாணம். நானும் அக்காவும் போனோம். மாப்பிள்ளை பக்கத்தில் தாய் தகப்பன் இல்லை. பொம்பிளையின் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆளில்லை. வேறு யாரையாவது கேட்கலாம் என்றபோது அவள் மறுத்துவிட்டாள். புல்லுக்கு மேலால் தனியே நடந்து வந்தாள். அன்றைக்குச் சனிக்கிழமை. மெல்பேர்னில் அத்தான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அக்கா விமானத்தால் இறங்கி என் காருக்குள் ஏறிய பிறகு சொன்னாள்: "பத்துக் கோத்திரம் துலைஞ்சதுக்குக் கவலைப்படுற மனிசன், ஒரு பிள்ளை துலைஞ்சதுக்கு வாய் திறக்கேல்லை." அத்தானைப் பற்றி அக்கா என்னிடம் சொன்ன ஒரே குறை அதுதான். அவரிடம் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருக்க மாட்டாள்.

இந்த வருடம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அக்கா பிள்ளைப்பேறு பார்க்கச் சிட்னிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கிழமையில் ஒருநாள் பின்னேரம் வெளியே ஒரு கார் வந்து நின்றது, வாசல் மணி அடித்தது. பெறாமகள்தான் போய்த் திறந்தாள். படியில் மூப்பர் நின்றார், தனியாக, கையில் ஒரு சின்னப் பையோடு. மனைவிக்குக்கூடச் சொல்லாமல் வந்தாராம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும் என்றார். மகன் உள்ளேயிருந்து வந்து தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான். மூப்பர் கோத்திரத்தைப் பற்றியோ சந்ததியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவ எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். கழுவித் துடைத்துவிட்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார். பெறாமகள் பிள்ளையைக் கொடுத்தாள்.

மெல்பேர்ன் திரும்பியதும், சமைத்த சாப்பாடு கொஞ்சம் எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். வீடு துப்புரவாக இருந்தது. மெலிந்திருந்தார். அந்த மனிதரில் எனக்கிருந்த கோபமெல்லாம் அவருடைய சேர்ட் கொலரைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. கழுத்துக்கும் கொலருக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி. சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மூப்பர் வந்துபோனதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த கவளத்தைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"அவருக்கு அது அவரின்ரை சந்ததி," என்றார். "அவர் போகலாம்."

"உங்களுக்கு?"

"என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லையே."

"அவரையும் ஒருத்தரும் கூப்பிடேல்லை அத்தான். தானாத்தான் வந்தவர்."

சோற்றைப் பார்த்தபடி இருந்தார். சாப்பிடவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "பிள்ளை அவரிட்டைப் போனதோ?"

"ஓம். அழேல்லை."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அதைச் சொல்லாமல் வர என் மனம் கேட்கவில்லை. "அவள் கதவைத் திறந்த உடனை அவரைப் பாக்கேல்லை, அத்தான். அவருக்குப் பின்னாலை காரைத்தான் எட்டிப் பாத்தவள். வேறை ஆரும் இறங்குகினமோ எண்டு."

அத்தான் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை இப்போது தவழத் தொடங்கிவிட்டதாக அக்கா சொல்கிறாள். அத்தான் இன்னும் போகவில்லை.